பொம்மைக் குடும்பத்தில் தாத்தா இல்லை

துணிக்கடையில் அவளுக்குப் பெயர் பொம்மையம்மா. வாசல் ஷோகேஸில் நிற்கிற பொம்மைகளுக்கு உடுத்திவிடுவது அவள் வேலை. சேர்ந்த புதிதில் துணி மடிக்கத்தான் போட்டார்கள். ஒரு நாள் ஷோகேஸ் பார்க்கிற ஆள் வராமல் போக, "நீ போய் அந்த அப்பா பொம்மைக்குச் சட்டை மாட்டு" என்றார் சூப்பர்வைசர். மாட்டிவிட்டு வந்தாள். சாயங்காலத்துக்குள் அந்தச் சட்டை இருந்த அடுக்கு காலி. அன்றிலிருந்து அவள் கண்ணாடிக்கு உள்ளே, மற்றவர்கள் வெளியே.

அதென்ன பெரிய வித்தை என்று கேட்கிறவர்கள் ஒரு தரம் பொம்மைக்குப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். பொம்மைக்கு இடுப்பு ஒரு கைப்பிடி. சட்டையோ மனுஷனுக்குத் தைத்தது. தொளதொளவென்று தொங்கும். அதை முதுகுப் பக்கம் இழுத்துச் சேர்த்து, மடித்து, வரிசையாகக் குண்டூசி குத்தி இறுக்கிவிட்டால் முன்னால் பார்க்கிறவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். பின்னால் முள்ளம்பன்றி. ஆனால் பொம்மை திரும்பாதே! அதனால் முதுகைப் பற்றி அவள் கவலைப்பட்டதே கிடையாது. புதிதாக வருகிற பெண்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுப்பாள்: "முன்னாடிதான்டி கடை. பின்னாடி குடோன்."

அந்த மாதம் ஷோகேஸில் நின்றது ஒரு குடும்பம். அப்பா, அம்மா, ஒரு பெண், ஒரு பையன். நாலு பேருக்கும் மயில் கழுத்து நீலம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அக்காவின் போன் வந்தது.

"எங்க வீட்டு ஹால் சுவர் மொட்டையா நிக்குதுடி. உங்க குடும்பம், எங்க குடும்பம், ரெண்டையும் சேத்து ஒரு பெரிய போட்டோ எடுத்து மாட்டலாம்னு இருக்கேன். நாங்க சந்தனக் கலர். நீங்க வேற ஒரு கலர், ஆனா வீட்டுக்கு ஒரே கலரா இருக்கணும். போட்டோக்காரப் பொண்ணு சொல்லிடுச்சு. நானே எடுத்து அனுப்பிடட்டுமா?"

"வேண்டாங்க்கா. எங்ககிட்ட இருக்கு."

"இருக்கா? அஞ்சு பேருக்கும் ஒரே கலர்லயா?"

"இருக்குன்னா இருக்கு."

அக்கா கெட்டவள் இல்லை. அதுதான் தொந்தரவே. கெட்டவளாக இருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். அம்மா வீட்டுப் பழைய ஆல்பத்தைப் புரட்டினால், ஒரு படத்தில் அக்கா போட்டிருக்கிற பூப்போட்ட கவுன் அடுத்த படத்தில் தங்கை மேல் இருக்கும். பள்ளிக்கூடச் சட்டை அப்படி, குளிர்ச் சட்டை அப்படி. அக்கா கல்யாணப் படத்திலும் தங்கை நிற்பது அக்காவின் நிச்சயதார்த்தத் துணியில். அக்காவின் மாமியார் ஒரு முறை அந்த ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, "உங்க வீட்டுல துணி ஒண்ணு வாங்கினா ரெண்டு பொண்ணு வளந்துடும் போலிருக்கே" என்று சிரித்தாள். கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். இவளும்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் செரிக்கவில்லை. இந்தப் படம் அக்காவின் ஹாலில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் தொங்கப் போகிறது. அதில் ஒரு தடவையாவது அக்கா துணி தன் மேல் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் வேண்டியது.

சூப்பர்வைசரிடம் போய் நின்றாள்.

"சார், கடை லீவு அன்னைக்கு ஒரு நாள், அந்தப் பொம்மைத் துணி நாலும் வேணும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "பொம்மைங்க அன்னைக்கு என்ன உடுத்திக்கும்?"

"திரையை இழுத்து விட்டுட்டுப் போறேன் சார்."

"கத்திரி படக் கூடாது. கறை படக் கூடாது. மறுநாள் கதவு திறக்கும்போது அதது மேல அதது இருக்கணும். எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் ஒண்ணும் பாக்கலை."

வீட்டில் கட்டில் மேல் நாலு உடுப்பையும் பரப்பினாள். அவள் புருஷன் மோட்டார் பம்பு ரிப்பேர் பார்க்கிறவர். ஒரு பம்போடு பேசுகிற பேச்சில் பாதி கூட மனுஷரோடு பேச மாட்டார். ஆள் வேறு குச்சி. அப்பா பொம்மையின் சட்டைக்குள் அவரைப் போல் இன்னொருவர் குடியிருக்கலாம். இவளுக்கோ நேர்மாறு. அம்மா பொம்மையின் நீள டாப்ஸ் முதுகில் ஜிப் வைத்தது. அது பாதி வழியில் நின்றுவிட்டது, மேலே வர மாட்டேன் என்றது. மூச்சை இழுத்துப் பிடித்தாள். உதட்டைக் கடித்தாள். பெண் பின்னால் நின்று இழுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது உன்னைப் பாத்துப் பயப்படுது" என்றாள்.

"வாயை மூடிட்டு ஊக்கு எடுடி."

திறந்து கிடந்த முதுகுக்குக் குறுக்கே ஊக்குகளைப் பாலம் கட்டி, மேலே ஷாலைப் போட்டு மூடிக்கொண்டாள். புருஷனுக்கு முதுகில் குண்டூசி வரிசை. பெண்ணுக்கு இடுப்பில். பையனுக்குக் கால்சட்டைப் பின்பக்கம். "உக்காராதே, சாயாதே, ஓடாதே" என்று பையனுக்கு மூன்று கட்டளை. அப்புறம் நாலு பேரையும் நிலைக்கண்ணாடி முன் நிறுத்திப் பார்த்தாள். அடேயப்பா! ஷோகேஸேதான்.

"அப்பாவுக்கு?" என்றார் புருஷன்.

அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அது. அவள் அதற்குப் பதில் தயாராகத்தான் வைத்திருந்தாள்.

"பொம்மைக் குடும்பத்துல தாத்தா இல்லைங்க. நான் என்ன பண்ணட்டும்?"

மாமனாரிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல சட்டை. காப்பிக்கொட்டை நிறம். நாலு நீலத்துக்கு நடுவில் அது நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஷோகேஸில் ஒரு பொருள் ஒட்டாமல் நின்றால், வருகிறவன் கண் நேரே அங்கேதான் போகும். அக்கா கண்ணும் போகும். 'அஞ்சு பேருக்கும் இருக்குன்னியே' என்று கேட்க மாட்டாள். கேட்காமல் மறுநாள் ஒரு சட்டை வாங்கி அனுப்புவாள். அதுதான் தாங்காது.

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற வண்டியில் நின்றே பிழைத்த கால் அது. இப்போதும் காலையில் எழுந்தால் மார்க்கெட்டுக்கு நடை, சாயங்காலம் பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வர நடை. தெருவில் இளவட்டங்களே அவரோடு நடக்கப் பயப்படுவார்கள், பேச மூச்சு மிஞ்சாது என்று. அந்த மனுஷர் முன்னால் நின்று, ஷாலை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டு, அவள் சொன்னாள்:

"மாமா, போட்டோ எடுக்கற இடத்துல நிறையப் படியாம். உங்க காலுக்கு ஆகாது. நாங்க மட்டும் போயிட்டு வந்துடறோம்."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். யாரோ விட்டுவிட்டுப் போன செருப்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். காப்பிக்கொட்டைச் சட்டையைப் போட்டு, பொத்தான் எல்லாம் மாட்டி, தலை வாரித் தயாராக இருந்தார் அப்போது.

"சரிம்மா. போயிட்டு வாங்க" என்றார்.

சரி என்று அவர் சொன்னதும் அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. காது மடல் சுட்டது. கதவைச் சாத்தும்போது திரும்பிப் பார்க்காமல் சாத்தினாள்.

பஸ்ஸில் நாலு பேரும் நின்றுகொண்டே போனார்கள். இடம் இருந்தது. ஆனால் குண்டூசியோடு எப்படி உட்காருவது? ஒரு பெரியவர் பையனைப் பார்த்து, "உக்காருடா கண்ணா" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். "உக்காந்தா குத்தும் தாத்தா" என்றான் அவன். பெரியவர் தன் பக்கத்து இருக்கையைத் தடவிப் பார்த்தார்.

இடம் ஒரு தோட்டம். புல் வெட்டி, ஓரத்தில் மரம் வைத்து, நடுவே நீளமாக ஒரு மண் பாதை. ஒரு படி கிடையாது. உள்ளங்கை மாதிரிச் சமதளம். போட்டோக்காரப் பெண் சின்னவள்தான், தோளில் ஒன்று, கையில் ஒன்று என்று கேமராக்களோடு வந்து, "சூப்பர்! அப்படியே கடையில வச்ச மாதிரி இருக்கீங்க!" என்றாள். பொம்மையம்மாவுக்குப் பெருமையில் முகம் விரிந்தது. அக்கா வரட்டும், பார்க்கட்டும்.

நாலு பேரும் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"வந்துட்டேன்மா."

திரும்பினாள். மாமனார். காப்பிக்கொட்டைச் சட்டை. மூச்சு வாங்கவில்லை, ஒன்றும் இல்லை. அவர் பார்வை மகனின் முதுகில் இருந்தது. வெயில் பட்டு அத்தனை குண்டூசியும் பளபளவென்று மின்னின. பேத்தியின் இடுப்பைப் பார்த்தார். பேரனின் பின்பக்கத்தைப் பார்த்தார். நழுவியிருந்த ஷாலுக்கு அடியில் இவள் கட்டியிருந்த ஊக்குப் பாலத்தையும் பார்த்திருப்பார். அப்புறம் தரையைப் பார்த்தார், பாதையின் நீளத்துக்கும் பார்த்தார்.

"நல்ல இடம். சமமா இருக்கு" என்றார்.

அதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம். மருமகள் சொன்ன பொய் மாமனார் கால் அடியில் பாய் விரித்தது போல் கிடக்கிறது. அதன் மேல் நின்றுதான் அவர் பேசுகிறார்.

நாலு பேரும் முன்பக்கம் தெரியத் திரும்பி நிற்பதற்கும், பின்னாலேயே அக்கா குடும்பம் வந்து சேர்வதற்கும் சரியாக இருந்தது. அக்கா, அத்தான், பிள்ளைகள் மூன்று பேர், தலை முதல் கால் வரை சந்தன நிறம்.

"என்னடி இது? உங்களையும் கார்ல ஏத்திக்கலாம்னு வீட்டுக்குப் போனா, மாமா தனியா உக்காந்திருக்காரு. ஏன் விட்டுட்டு வந்தே?"

அவள் வாய் திறப்பதற்குள் போட்டோக்காரப் பெண் கையைத் தட்டினாள். "வாங்க, வாங்க, வெளிச்சம் போறதுக்குள்ள எடுத்துடலாம். தாத்தாவுக்கு ஒரு நாற்காலி போடுங்க. தாத்தா நடுவுல."

நடுவில்! எது கண்ணை உறுத்தும் என்று அவள் பயந்தாளோ, அது நட்ட நடுவில் உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் சந்தனமும் நீலமுமாக நிற்க, அவர் முழங்கால் மேல் கை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார். பொம்மையம்மா அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். கீழே அவருடைய நரைத்த உச்சந்தலை. அதைப் பார்க்க முடியாமல் கேமராவைப் பார்த்தாள். கேமராவைப் பார்க்க முடியாமல் மரத்தைப் பார்த்தாள்.

"நீல டாப்ஸ் அக்கா, இங்க பாருங்க! கொஞ்சம் மூச்சு விடுங்க!"

எப்படி விடுவாள்? விட்டால் ஊக்கு தெறிக்கும்.

அதோடு முடிந்திருந்தால் சரி. போட்டோக்காரப் பெண் உற்சாகமாக ஒரு பக்கம் தாவி வந்து சொன்னாள்: "இப்ப கடைசியா ஒண்ணு. எல்லாருக்கும் பிடிக்கும். ஒவ்வொரு குடும்பமா கையைக் கோத்துக்கிட்டு அந்தப் பாதையில நடந்து போங்க. திரும்பிப் பாக்காம. நான் பின்னாடியிருந்து எடுக்கறேன்."

பின்னாடியிருந்து.

அக்கா குடும்பம் முதலில் நடந்தது. ஐந்து சந்தன முதுகும் தைத்தது தைத்தபடி. ஒரு சுருக்கம் இல்லை. அத்தான் ஏதோ சொல்ல, அக்கா சாய்ந்து சிரித்தாள். இத்தனை வருஷம் பொம்மைக்கு உடுத்தியதில், மனுஷருக்கு முதுகு உண்டு என்பதே தனக்கு மறந்து போயிற்று என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. புருஷன் அவளைப் பார்த்தார். மகள் சுவர்ப் பல்லி போல ஒரு மரத்தோடு ஒட்டிக்கொண்டாள்.

"இப்ப நீங்க!"

"எங்களுக்கு இது வேண்டாம்மா" என்றாள்.

"அட, என்னடி வெக்கம்? போடி" என்று அக்கா திரும்பி வந்து தோளைத் தொட்டாள்.

"நல்லா வரும் அக்கா. ஷால் மட்டும் கொஞ்சம் ஒதுக்கிக்கலாம், முதுகை மறைக்குது" என்று போட்டோக்காரப் பெண் கையை நீட்டினாள்.

ஷாலின் ஒரு முனை அந்தப் பெண் கையில், மறுமுனை இவள் பிடியில். இழுத்தால் வந்துவிடும். வந்தால் அக்கா பார்ப்பாள். பூமி பிளக்காதா என்று இருந்தது அவளுக்கு.

"ஆ... அம்மா..."

மாமனார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, தொடையைப் பிடித்துக்கொண்டு, தொப்பென்று உட்கார்ந்தார். போட்டோக்காரப் பெண் ஷாலை விட்டுவிட்டு ஓடினாள்.

"என்ன தாத்தா?"

"கால்மா. பிடிச்சுக்கிச்சு. என்னால நடக்க முடியாது. நான் இல்லாம இவங்க நடந்தா குடும்பம் எப்படிம்மா ஆகும்? அந்தப் படம் எங்களுக்கு வேண்டாம்."

"தாத்தா, இன்னைக்குக் காலைலதானே மார்க்கெட்டுக்கு..." என்று ஆரம்பித்தாள் பேத்தி.

"அதான் கண்ணு. அதுல வந்ததுதான்."

"கார்லேருந்து இறங்கி எங்களுக்கு முன்னாடி ஓடி வந்தீங்களே மாமா!" என்றாள் அக்கா.

"ஓடியிருக்கக் கூடாதும்மா. என் மருமக வீட்டுலயே சொன்னா. 'உங்க கால் தாங்காது, வராதீங்க'ன்னா. நான்தான் கேக்காம உங்க கார்ல ஏறிட்டேன்."

அக்கா நிமிர்ந்தாள். தங்கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பரிதாபம் ஒரு துளி இல்லை. இவள் ஆயுசு முழுக்க எதற்கு ஏங்கினாளோ அந்தப் பார்வை.

"அதுக்காகத்தான் விட்டுட்டு வந்தியா? நான் என்னமோன்னு நினைச்சுட்டேன்டி. நீ மாமாவை எவ்வளவு நல்லாப் பாத்துக்கறே! எனக்கு இந்தப் பொறுமை வராது."

பொம்மையம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. துணி இல்லாமல் தெருவில் நிறுத்தியிருந்தால் கூட இப்படிக் கூசியிருக்காது. இல்லைக்கா, நான் விட்டுட்டு வந்தது இந்தச் சட்டைக்காக என்று சொல்லிவிடலாம். தொண்டை வரை வந்தது. வாய் திறக்கவில்லை. பிடிவாதம் பிடித்துப் பழகிய வாய், நல்லதற்குத் திறக்கச் சொன்னாலும் திறப்பதில்லை.

அத்தான் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் தாங்கிக்கொள்ள, மாமனார் காரை நோக்கி நொண்டிக்கொண்டே போனார். இவள் பின்னால் போனாள். காப்பிக்கொட்டைச் சட்டையின் முதுகு கண்ணுக்கு நேரே இருந்தது. முன்பக்கம் எப்படித் தேய்த்திருந்தாரோ, அப்படியே பின்பக்கமும் மடிப்பு விழாமல் தேய்த்திருந்தார்.

துணி நாலும் மறுநாள் கதவு திறக்கும் முன்பே பொம்மைகள் மேல் ஏறிவிட்டன. சூப்பர்வைசர் ஒன்றும் பார்க்கவில்லை. ஆனால் கால்வலி அவ்வளவு சுலபத்தில் இறங்கவில்லை. அக்கா தினம் போன் செய்து "மாமா கால் எப்படி?" என்றாள். டாக்டரிடம் போகலாமா என்றாள். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். மார்க்கெட்டிலிருந்து பையோடு விறுவிறுவென்று வந்துகொண்டிருந்த மாமனார், வாசலில் சந்தன நிறக் காரைப் பார்த்தார். பையைக் கூட வந்த பேரன் கையில் கொடுத்தார். அங்கிருந்து வாசல் வரை நொண்டினார். சமையலறை ஜன்னல் வழியே இதைப் பார்த்துக்கொண்டிருந்த பொம்மையம்மா, கரண்டியை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கா அன்றைக்குக் கொண்டு வந்தது இரண்டு. கண்ணாடி போட்ட போட்டோ ஒன்று, வலிக்குத் தேய்க்கிற தைலம் ஒன்று.

"எங்க ஹால்ல வர்றவங்க எல்லாரும் என்ன சொல்றாங்க தெரியுமா? 'எல்லாரும் பொம்மை மாதிரி நிக்கறீங்க, அந்தப் பெரியவர் மட்டும்தான் மூச்சு விடறாரு'ங்கறாங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, துணி நல்ல நீலம் என்று பாராட்டிவிட்டு, அக்கா போனாள்.

துணியைப் பாராட்டினாள். இவளுக்கு அது காதில் விழுந்ததே தவிர, எங்கும் போய்ச் சேரவில்லை.

கார் சத்தம் மறைந்தபின், தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு மாமனார் அறைக்குப் போனாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து, அவரைக்காயை நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா குடுத்தா மாமா. காலுக்கு."

"எந்தக் காலுக்கு?"

அவள் புட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்கிற மாதிரிக் குனிந்தாள்.

"இல்லம்மா, நிஜமாத்தான் கேக்கறேன்" என்றார். குரலில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. சில்லறை சரிபார்க்கிற கண்டக்டர் குரல். "நீ அன்னைக்கு எந்தக் கால்னு சொல்லலை. நான் பாட்டுக்கு இடதைப் பிடிச்சுக்கிட்டேன். அக்காகிட்ட நீ வலதுன்னு சொல்லி வச்சிருந்தா மாட்டிப்போமேன்னு எனக்கு ஒரே கவலை."

அவள் அப்படியே கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புட்டி கையில் இருந்தது. மூடியைத் திருகினாள், மூடினாள், மறுபடி திருகினாள். மன்னிச்சுக்குங்க மாமா என்று இரண்டே வார்த்தை. பிடிவாதக்காரி, அது வருகிற வழியாக இல்லை. கண்ணிலிருந்து வேண்டுமானால் வந்தது.

கடைசியில் அவருடைய இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். கல் மாதிரி இருந்தது கெண்டைக்கால். ஒரு வலியும் இல்லாத அந்தக் காலில், நெடி மூக்கில் ஏற ஏற, தைலத்தைத் தேய்த்தாள். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவரைக்காயை உரித்துக்கொண்டே இருந்தார்.

"எரியுதா மாமா?"

"எரியட்டும். தேய்" என்றார்.